குழவிப் பிணியும் வினைக்கொள்கையும்

உயிர்கள் நுகரும் இன்ப துன்பங்கள் அவ்வவ்வுயிர் ஈட்டிய இருவினையின் பயன் என்பதும், அப்பயனை அறிந்து கூட்டுவிப்பான் இறைவன் என்பதும் சைவ சித்தாந்தத்தின் துணிபுகளாம். வினை சடமாகலின் தானே வந்து பொருந்தமாட்டாது. உயிர் சிற்றறிவுடையதாகலின் தன் வினைப்பயனைத் தானே தேர்ந்து கொள்ளமாட்டாது. ஆகலின் இரண்டனையும் அறிந்து கூட்டுவிக்கும் முழுமுதல் ஒருவன் வேண்டும் என்பது மெய்கண்டார் முதலிய ஆசிரியன்மார் நிறுவிய முறை. இம்முறையின்கண் சைவர்க்கு ஐயம் இல்லை. ஐயம் நிகழ்வது, இக்கொள்கையை எவர், எவர்பால், எவ்விடத்து எடுத்துரைத்தல் தகும் என்பதன்கண்ணேயாம். நோயுற்றது ஐந்தாண்டு நிரம்பாத குழந்தையாயின் அவ்வையம் ஏட்டளவில் நில்லாது, அக்குழந்தையின் உயிரோடு தொடர்புடையதாகி விடுகின்றது.

நோய்களுட் சில நோயுற்றான் ஒழுக்கத்தோடு தொடர்புடையன. கள்ளுண்டு ஈரல் கெட்டவனுக்கும், புகையிலையால் வாய்ப்புற்று உற்றவனுக்கும் காரணம் தேடி முற்பிறப்பிற்குச் செல்ல வேண்டுவதில்லை. அவன் அறிந்தே செய்த செயல் கண்ணெதிரே நிற்கின்றது. குழந்தைகளை வருத்தும் குருதிநோயோ அத்தன்மைத்தன்று. அதனுள்ளும், கடிய மச்சைவழி வெண்குருதிநோய் என்று சொல்லத்தக்கதும், மருத்துவர் அக்யூட் மயலாய்ட் லூக்கீமியா என வழங்குவதுமாகிய நோய், குழந்தை மீதேனும் பெற்றோர் மீதேனும் குற்றம் காண்பதற்குப் பெரும்பாலும் சிறிதும் இடங்கொடாதது. வினைக்கொள்கையை வழங்கும் முறை தக்கதோ தகாததோ என உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் கடிய உரைகல் கிடைத்தல் அரிது.

நோயின் இயல்பு ஈண்டுச் சிறிது கூறப்படும். மருத்துவ நூலோர் உடற்றாதுக்கள் ஏழனுள் மச்சையை ஆறாவதாக எண்ணினர். இக்காலத்து மஜ்ஜை என வழங்கப்படும் அம்மச்சையே குருதியின் பிறப்பிடம் என்பது பிற்கால ஆராய்ச்சி கண்ட உண்மை. உயிர்க்காற்றைச் சுமக்கும் செவ்வணுக்களும், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதி ஒழுகாமல் உறையச் செய்யும் தட்டணுக்களும் ஆண்டே தோன்றி, முதிர்ந்து, பின்னர்க் குருதியோட்டத்திற் கலக்கின்றன. இந்நோயில், வெள்ளணுவாக முதிர வேண்டிய இளவணுக்கள் முதிராமலே நின்று, நின்ற நிலையிலேயே பல்கிப் பெருகி மச்சை முழுவதையும் அடைத்துக் கொள்கின்றன. நல்லணுக்கள் தோன்றுதற்கு இடமில்லாது போகின்றது. செவ்வணு குறைதலால் குழந்தை வெளுத்துச் சோர்கின்றது. தக்க வெள்ளணு இன்மையாற் காய்ச்சல் விடாது வருகின்றது. தட்டணு குறைதலால் ஈறு கசிகின்றது, மூக்கிற் குருதி வருகின்றது, அடிபடாத இடத்தும் மேனி கன்றிப் போகின்றது. இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் அன்று, கிழமைக்கணக்கில் நிகழ்ந்து விடும். கடிய என்னும் அடை அது பற்றியதே. ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ 1847-ஆம் ஆண்டில் இவ்வகை நோய்க்கு லூக்கீமியா என்று பெயரிட்டார். வெண்குருதி என்பது அக்கிரேக்கச் சொற்றொடரின் பொருள்.

குழந்தைகட்கு வரும் வெண்குருதிநோய்களுட் பெரும்பான்மையது இதுவன்று. நிணவணு வழித்தாகிய வேறொன்றே நான்கில் மூன்று பங்கு. அது இன்று பெரும்பாலும் தீர்க்கப்படுவது. மச்சைவழியது நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபதளவே காணப்படுவதாயினும் அதனினும் கொடியது. அதற்குச் செய்யப்படும் மருத்துவமும் கொடியது.

காரணம் யாதெனின், அணுவின் உள்ளிருக்கும் மரபுப்பொருளில் நிகழ்ந்த திரிபு என்று மருத்துவர் கூறுவர். அத்திரிபு ஏன் நிகழ்ந்தது என மேலும் வினவினால், பெரும்பாலான குழந்தைகளிடத்து விடை இல்லை. டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகட்கும், ஃபேன்கோனி சோகை முதலிய சில பிறவிக் குறைகள் உடையார்க்கும், முன்னரே வேறு புற்றுக்கு மருந்து கொண்டார் சிலர்க்கும் இது வருதற்கு வாய்ப்பு மிகுதி என்பதே தெளிவாக அறியப்பட்டது. பிறந்த குழந்தையின் குதிகாலிற் குத்தி ஒரு துளிக் குருதியை அட்டையில் ஒற்றி வைக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. பின்னர் இந்நோயுற்ற சிறார் சிலருடைய அப்பழைய அட்டைகளை எடுத்து ஆராய்ந்தபோது, நோய்க்கு வித்தாகிய திரிபு அத்துளியிலேயே இருந்தமை 2002-இல் அறிவிக்கப்பட்டது. அஃதாவது, அக்குழந்தைகள் கருவில் இருந்தபோதே அது நிகழ்ந்துவிட்டது. எனினும் அவ்வொரு திரிபு மாத்திரையால் நோய் உண்டாவதில்லை என்றும், பிறந்தபின் வேறு திரிபுகளும் கூடவேண்டும் என்றும் கூறுவர். தாய் உண்ட உணவாலன்று. தந்தை குடிபெயர்த்த வீட்டாலன்று. நாள் பாராது செய்த மங்கலத்தாலன்று. இதனை மருத்துவர் முதல்நாளிலேயே பெற்றோர்க்குச் சொல்லுதல் வழக்கம். சொல்லியும் பெற்றோர் நெஞ்சு அதனை ஏலாது. தன்மேற் குற்றம் சுமத்திக் கொள்வதற்குத் துன்பமுற்றோர் நெஞ்சு எப்போதும் ஆயத்தமாகவே இருக்கும்.

அந்நெஞ்சின் மீதுதான் ஊராரும் உறவினரும் வினைப்பேச்சைக் கொண்டு போய் வைக்கின்றனர். ‘முன்வினை, அனுபவித்துத் தீரவேண்டும்’ என்பார் ஒருவர். ‘பெற்றவர் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது’ என்பார் மற்றொருவர். ‘விதி முடிந்ததை மருத்துவன் தடுப்பானா? இருக்கும் காணியையும் ஏன் விற்கிறீர்கள்?’ என்று கனிவோடு கேட்பாரும் உளர். மூவருள் இவரே அஞ்சத்தக்கவர். இந்நாட்டிலும் இதுபோன்ற பிற நாடுகளிலும், குழந்தைகளின் புற்றுநோய் மருத்துவம் தோற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, தொடங்கிய மருத்துவத்தைப் பெற்றோர் இடையிலே நிறுத்திவிட்டு ஊர் திரும்புதல் என்பது மருத்துவர் நெடுங்காலமாக எழுதி வருவது. அதற்குப் பொருளின்மையும், தொலைவும், வீட்டில் விட்டுவந்த பிற குழந்தைகளும் முதற் காரணங்கள் என்பது மெய். ஆயினும், தளர்ந்து நிற்பார் காதில் ‘இது தீராத வினை’ என்னும் சொல் விழுமாயின், அச்சொல் அவரைப் பேருந்து ஏற்றி ஊருக்கு அனுப்பப் போதுமானதாகி விடும். ஆகலின் இஃது சொல்லாராய்ச்சி அன்று. கொள்கை உரைப்பார் தம் சொல்லின் பயனுக்குப் பொறுப்புடையார் என்னும் ஆராய்ச்சி.

வினை என்னும் சொல்லைத் திருமுறை ஆசிரியர்கள் எவ்விடத்து வைத்து வழங்கினர் என்று நோக்குவார்க்கு ஒருண்மை புலப்படும். இலக்கண நூலார் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று என்பர். திருநாவுக்கரசு சுவாமிகள் சூலைநோயால் குடர் முறுக்குண்டு திருவதிகை வீரட்டானத்து முன்னிலையில் நின்றபோது, தாம் அறியாமற் செய்த கொடுமைகள் பலவற்றை எண்ணி முறையிட்டார். அது தன்மை. தம் நோய்க்குத் தம் செயலைக் காரணமாக்கியது அவருக்குப் பணிவும் தெளிவும் ஆயிற்று. நோய் நீங்குதற்கு வாயிலும் ஆயிற்று. இனி, திருப்பாச்சிலாச்சிராமத்தில் நிகழ்ந்ததை நோக்குக. கொல்லி மழவன் தன் மகள் முயலகன் என்னும் நோயுற்று எவ்வகை மருந்தாலும் தீராமையின், அவளைக் கோயிலில் கொணர்ந்து கிடத்தினான். ஆண்டு எழுந்தருளிய திருஞானசம்பந்த சுவாமிகள் அப்பெண்ணின் பழவினை இன்னது என ஆராய்ந்தாரல்லர். மழவன் முற்பிறப்பில் யாது செய்தான் என வினவினாரல்லர். இவளை இங்ஙனம் வாடச் செய்தல் உமது பெருமைக்குத் தகுமோ என்று பாட்டுத்தோறும் இறைவனையே வினவினார் எனச் சேக்கிழார் புராணத்தோடு அப்பதிகத்தை இயைத்துக் கற்றோர் அறிவர். பிறர் துன்பத்தைக் கண்டவிடத்து ஆளுடைய பிள்ளையார் வினையைப் பேசாது இறைவன் திருவருட் கடப்பாட்டைப் பேசினார். தம் துன்பத்தில் ஆளுடைய அரசர் வினையைப் பேசினார். வினை தன்மையிடத்திற்கே உரிய சொல் என்பது இவ்விருவர் ஒழுக்கத்தானும் பெறப்படும்.

அற்றேல், மெய்யாயது எவ்விடத்தும் மெய்யன்றோ, படர்க்கையிற் கூறினால் மட்டும் பொய்யாகுமோ எனின், கூறுதும். இருவினை உண்டு என்னும் பொதுவுண்மை வேறு. இத்துன்பம் இன்ன வினையால் வந்தது, இத்துணைக் காலம் நிற்கும், இதனோடு முடியும் என்னும் சிறப்பறிவு வேறு. முன்னது நூலால் அறியப்படும். பின்னது முற்றுணர்வுடையானுக்கன்றி ஏனையோர்க்கு ஆகாது. ஆணவத்தால் மறைப்புண்ட உயிர் தன் முற்பிறப்பையே அறியாது என்று நம் நூல்கள் கூறாநிற்க, அயல்வீட்டுக் குழந்தையின் முற்பிறப்பை அறிந்தான் போல் ஒருவன் பேசுவானாயின், அவன் வினைக்கொள்கையை நிலைநாட்டினானல்லன். அதற்கு அடிப்படையாகிய மலக்கொள்கையை மறுத்தான். அதனினும் மேலாக, பயன் கூட்டும் முதல்வனுக்கே உரிய அறிவைத் தனக்கு உரியதாக்கிக் கொண்டான். சித்தாந்தம் நன்கு கற்றோர் வாயிலிருந்தே இப்பிழை பெரிதும் வருதல் இரங்கத்தக்கது.

பெற்றோர் பாவம் பிள்ளையைச் சாரும் என்பதோ, சித்தாந்தத்திற்கு முற்றும் மாறானது. ஓருயிர் செய்த வினையின் பயனை அவ்வுயிரே நுகரும் என்பதன்றோ வினைக்கொள்கையின் உயிர்நிலை? தந்தை செய்ததை மகன் நுகர்வான் எனின், செய்யாதது வந்தடைதல், செய்தது அழிந்துபோதல் என்னும் இருகுற்றமும் ஒருங்கே தங்கும். உலகவழக்கிற் புகுந்த இப்பேச்சைச் சைவர் சைவமென்று எண்ணிப் பேசி வருகின்றனர். குழந்தையின் படுக்கையருகே நின்று இதனைப் பேசுதல் கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, இது சமயக் கல்வியின்மையையும் காட்டும்.

இனி, பிறர் செயலால் விளையும் நோயும் உண்டு. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் ஜப்பானிய நாட்டு ஹிரோஷிமா நகரின் மீதும், மூன்றாம் நாள் நாகசாகியின் மீதும் அணுகுண்டு வீழ்த்தப்பட்டது. அன்று எரியாது தப்பினார் சிலரிடத்துச் சில ஆண்டுகள் கழிந்து வெண்குருதிநோய் தலைகாட்டியது. ஏனைப் புற்றுக்கள் வெளிப்படுதற்கு நெடுங்காலம் முன்னரே இது வெளிப்பட்டது. குண்டு வீழ்ந்த நாளிற் சிறு குழந்தைகளாயிருந்தாரிடத்து இதன் வாய்ப்பு மிகுதியாயிருந்தது என்பதும், மச்சைவழி நோயும் அவற்றுள் ஒன்று என்பதும் அந்நகர மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர் கண்டவை. தொட்டிலிற் கிடந்த மகவின் எலும்புக்குள் பகைநாட்டார் விட்ட கதிர் புகுந்து, பள்ளி செல்லும் பருவத்தில் அதனைக் கொன்றது. இதனையும் அம்மகவின் வினை என்று கூறி அமைவார்க்கு ஒரு கேள்வி உண்டு: அமைந்தபின் குண்டை வீழ்த்தினார் எவ்விடத்து நிற்கின்றனர்? வினைப்பயன் பிற உயிர் வாயிலாக வருவதை ஆதிபௌதிகம் என நூல்கள் வகுத்தன. ஆயினும் வாயிலாக நின்றவன் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதையும் அந்நூல்களே வகுத்தன. நுகர்வானுக்குப் பிராரத்தமாவது செய்தவனுக்குப் புதுவினை. இரண்டையும் ஒருசேரக் காணமாட்டாது, நுகர்வான் கணக்கை மட்டும் விரித்துப் பேசும் வினைக்கொள்கை, கொலைஞனுக்கு விடுதலைச் சீட்டு எழுதித் தரும் கொள்கையாய் முடியும். நம் ஆசிரியன்மார் அங்ஙனம் ஒன்று நிறுவினாரல்லர்.

இதே நோக்கு ஊராரையும் சாரும். நோயுற்ற குழந்தை இருக்கும் தெருவில், அந்நோய் எவர்க்குப் பிராரத்தமாயினும் ஆகுக. அதனைக் கண்டு நிற்பவர் செய்வதும் செய்யாது விடுவதும் அவரவர்க்கு ஆகாமியமாய் அந்நாளிலேயே தொடங்கி விடுகின்றது. பிறர் வினையை எண்ணுதற்கு அவர்க்கு ஓய்வு ஏது?

பிராரத்தம் நுகர்ந்தே தீர்வதாயின் மருந்து எற்றுக்கு எனின், பசியும் பிராரத்தம் தரும் துன்பமே. அதற்குச் சோறு எற்றுக்கு என எவரும் வினவுவதில்லை. நோய் எத்துணைக் காலம் நிற்கும் என்பது வினையாற் குறிக்கப்பட்டதாயின், அது தீரும் நாளும் தீர்க்கும் மருந்தும் அவ்வினையுள் அடங்கும். முடிவு அறியாதவன் முடிந்தது என்று சொல்லுதல் எங்ஙனம்? கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிச்சுரம் பற்றியபோது, இது பழவினை என்று அறிந்திருந்தும் உய்யும் நெறி நாடாதிருத்தல் உமக்குக் குறையன்றோ என்னும் கருத்தை முதற்கண் வைத்தே பிள்ளையார் திருநீலகண்டப் பதிகத்தை அருளினார். வினை பேசி மடிந்திருப்பார்க்கு இதனினும் வெளிப்படையான மறுப்பு வேறு வேண்டா. சித்தியார் ஆசிரியரும், சில நோயை அறுத்தும் கீறியும் தீர்த்துச் சிலவற்றை இன்சுவைப் பொருள் ஊட்டித் தீர்க்கும் மருத்துவனை இறைவனுக்கு உவமையாக்கினார். மருத்துவத் தொழில் வினைக்கு மாறாயின் அவ்வுவமை எழுந்திராது.

அவ்வுவமையின் ஆழம் இந்நோயின் மருத்துவத்தை அறிந்தார்க்கு நன்கு விளங்கும். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஸ்புரூ என்னும் குடல்நோயால் உடன்பிறந்தாரை இழந்தவர் அவர். பின்னாளில் அவர் தலைமையில் ஆராய்ந்தோர் அந்நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அதன் தொழிலைத் தடுக்கும் மாற்றுப் பொருள்களையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்றைச் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் பாஸ்டன் நகரில் வெண்குருதிநோயுற்ற 16 குழந்தைகட்குக் கொடுத்தார். பதின்மரிடத்து நோய் சில காலம் பின்வாங்கியது. 1948-இல் இச்செய்தி வெளிவரும் வரையில் இந்நோய்க்குத் தடையென்று ஒன்று உலகில் இல்லை. அக்குழந்தைகள் பிழைத்தாரல்லர், ஆயினும் வழி திறந்தது. மச்சைவழி நோய்க்கு அம்மருந்து ஏற்றதாகவில்லை. அதற்குரியவை பின்னர்க் கிடைத்தன: ஒன்று மேலைக் கடலின் கடற்பஞ்சு ஒன்றினிற் கண்ட பொருளைப் பின்பற்றி ஆக்கிய சைட்டராபின், மற்றொன்று இத்தாலிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஈனும் செந்நிறமுடைய டானோருபிசின். இவ்விரண்டுமே இன்றும் முதன்மையான மருந்துகள். 1970-களில் இந்நோயுற்ற குழந்தைகளுள் ஐவரில் ஒருவர் பிழைத்தலும் அரிது. இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில் மூவரில் இருவர் அளவிற் பிழைக்கின்றனர். ‘தீராத வினை’ என்று 1970-இற் கூறியவன் சொல் அக்குழந்தைகளின் வினையைக் குறித்ததா, அக்காலத்து மருத்துவ அறிவின் எல்லையைக் குறித்ததா என்பது எண்ணத்தக்கது.

இந்நோயின் உட்பிரிவுகளுள் ஒன்று முன்பிளவை நிலையில் முதிர்ச்சி நின்றுபோவது, புரோமயலோசைட்டிக் என்பர். குருதி ஒழுக்கால் சில நாளிலேயே உயிரைக் கொள்ளும் கொடுமை உடையது அது. 1985-இல் சீனத்து ஷாங்காய் நகரில் வாங் சென்யி என்னும் மருத்துவர், வைட்டமின் ஏ-யின் இனமாகிய ஓர் அமிலத்தை இந்நோயால் இறக்குந் தறுவாயில் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ஊட்டினார். அது தீயவணுக்களைக் கொல்லவில்லை. முதிராது நின்ற அவற்றை முதிரச் செய்தது. முதிர்ந்தவை தம் இயல்பில் தாமே கழிந்தன, சிறுமி பிழைத்தாள். மலத்தை அறுத்தெறிதலன்று, பரிபாகப்படுத்தலே நீக்கம் என்று ஓதியவர்க்கு இச்செய்தி ஒரு புன்முறுவலைத் தோற்றுவிக்கும். உவமை அளவிற் கொள்வதே முறை. அதே நாட்டு ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் அந்நோய்க்கே வேறொரு மருந்து கண்டிருந்தனர். அது நம் சித்தர் நூல்கள் வெள்ளைப் பாடாணம் எனக் கூறும் நஞ்சு. இவ்விரண்டும் சேர்த்து அளந்து செலுத்தப்படும் இந்நாளில், அவ்வொரு பிரிவில் பதின்மரில் ஒன்பதின்மர் உய்கின்றனர். நஞ்சு கண்டத்தில் நின்று உலகைக் காத்த வரலாற்றைப் பாடுவோர்க்கு இது வியப்பன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை இடையே கூறவேண்டும்: இப்பாடாணம் இவ்வொரு பிரிவிற்கே உரியது, நாள்தோறும் நெஞ்சத் துடிப்பையும் குருதியின் உப்பளவையும் நோக்கிச் செலுத்தப்படுவது. இதனைச் செவிவழிக் கேட்டு வேறு குழந்தைக்குப் பாடாண மருந்து தேடுதல் கொலைக்கு நிகர்.

ஏனைப் பிரிவுகளில் மருத்துவம் நெடியது. மருந்து ஒருமுறை செலுத்தினால் நோயணுவோடு நல்லணுவும் மடியும். மச்சை மீண்டும் தளிர்க்கும் வரை குழந்தை மூன்று நான்கு கிழமை காப்பின்றிக் கிடக்கும். அப்போது சிறு காய்ச்சலும் உயிர்க்கு இடர். இங்ஙனம் நான்கைந்து முறை. அக்காலத்தில் செவ்வணுவும் தட்டணுவும் பிறரிடமிருந்தே வரவேண்டும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருத்தல் பெரும்பாலும் இயலாது. ஆதலின் இன்று கொடுப்பார் இன்றும், அடுத்த கிழமை கொடுப்பார் அடுத்த கிழமையும் வேண்டும். ஊரார்க்குச் செய்தற்குரிய பணி யாது என ஐயுறுவார்க்கு இது போதிய விடை. மருந்து மட்டும் போதாத குழந்தைகட்குப் பிறர் மச்சை வேண்டும். உடன்பிறந்தார் ஒருவருடையது முற்றும் பொருந்துதற்கு நான்கில் ஒன்றே வாய்ப்பு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலாக இம்மாற்று நடைபெற்று வருகின்றது. ஓருயிரின் வினையை மற்றோருயிர் வாங்கிக் கொள்ள முடியாது. தன் மச்சையைத் தர முடிகின்றது. தருவதும் பலவிடத்துச் சிறு பிள்ளையே. மூத்தவனுக்காக இளையவளை ஊசிக்கு உட்படுத்தல் அறமோ என்பது தனியே ஆராய்தற்கு உரியது. அவள் அளவிற்கு ஏற்ப எடுத்தும், அஞ்சுவதைக் கேட்டும், அவள் நலனை நோக்குதற்கென்றே வேறொரு மருத்துவரை அமைத்தும் செய்தல் நல்லோர் வழக்கம்.

இறைவழிபாடு மருத்துவத்திற்குப் பகையன்று. ஆயின் காப்பற்ற அந்நாட்களில் வெளியிலிருந்து கொணர்ந்த நீறு, பூ, தீர்த்தம் முதலியவற்றைக் குழந்தையின் வாயிலிடுதலை மருத்துவர் தடுப்பாராயின் அது சமயத்தைத் தடுத்தலாகாது. மண்ணிலும் நீரிலும் உள்ள காளான் வித்துக்கள் நலமுடையாரை ஒன்றும் செய்யா. அக்குழந்தையின் நுரையீரலில் முளைத்துவிடும். ஐந்தெழுத்தைச் செவியில் ஓதுதற்கு எந்த மருத்துவரும் தடை கூறார்.

பெரியோர் பேசுவதைக் குழந்தை அறியாது என்று எண்ணுதல் பெரும்பிழை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வெண்குருதிநோயுற்ற சிறு பிள்ளைகளோடு பழகி ஆராய்ந்த மைரா புளூபாண்ட்-லாங்னர் என்னும் மாந்தவியல் அறிஞர், 1978-இல் தாம் கண்டதை நூலாக வெளியிட்டார். ஒருவரும் சொல்லாதிருக்கவும் அப்பிள்ளைகள் தம் நோயின் பெயரையும் முடிவையும் அறிந்திருந்தனர். அறிந்தும், பெற்றோர் வருந்துவர் என்று அறியாதார் போல் நடித்தனர். அத்துணைக் கூர்மை உடைய செவியில் ‘என்ன பாவம் செய்ததோ’ என்னும் சொல் விழுந்தால், நோய்க்குக் காரணம் தானே என்று அது கொள்ளும். தின்பண்டம் திருடியதையும், தம்பியை அடித்ததையும், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுததையும் நினைத்துக் கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன் முற்பிறப்பு என்பது சென்ற கிழமையே.

இனி, எல்லா மருந்தும் முடிந்து நோய் மீண்டும் வந்த குழந்தைகள் உளர். வசதி மிக்க நாட்டிலும் மூவரில் ஒருவர் இத்தகையோர். வறியோர் நாட்டிற் பலர். அவர்கட்கும் செய்தற்குரியது உண்டு. எலும்பு நோவுக்கு வாய்வழிக் கொடுக்கும் மார்பின் உண்டு. மூச்சுத் திணறலைத் தணிக்கும் முறைகள் உண்டு. வீட்டிலே வைத்துப் பேணுதல் உண்டு. நோவு நுகர்ந்தே கழிய வேண்டியது என்று மார்பினை மறுப்பாரும் சிலர் இருக்கின்றனர். பிறர் உடலின் நோவைக் கொண்டு தம் தத்துவத்தை மெய்ப்பிக்கும் உரிமையை அவர்க்கு வழங்கிய ஆகமம் யாதென்று தெரியவில்லை.

அப்பொழுது தாய் ஒருத்தி, ‘என் பிள்ளை என்ன பாவம் செய்தது?’ என்று அரற்றுவாள். அருகிருப்போர் அதனைத் தம்மை நோக்கிய வினாவாகக் கொண்டு விடை கூறத் தொடங்குவர். அது பாச்சிலாச்சிராமத்திற் கிடந்த பெண்ணைக் கண்டு பிள்ளையார் விடுத்த வினாவோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது. அவள் அதனைக் கேட்பதும் அவ்விடத்தையே நோக்கித்தான்.